நான் வைத்த தலைப்பும் அக்கா மகளின் எக்ஸ்ரேவும்

"எல்லாரும் வெளியில ஓடிடுறீங்க. எம்பொண்ணை மட்டும் உள்ள விட்டுட்டுப் போறீங்க. அப்போ அது ஆபத்துதானே?"

அக்கா இப்படிக் கேட்டபோது ராத்திரி பதினொன்றரை மணி. பச்சிளம் குழந்தைகள் ஐசியுவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். உள்ளே சக்கரம் வைத்த எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். நர்ஸ் அக்காக்கள் இரண்டு பேர் வழக்கம்போல் நாலடி பின்னால் நகர்ந்தார்கள். சிசேரியன் தையல் இன்னும் ஆறாத வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு என் அக்கா இன்குபேட்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"இனிமே எக்ஸ்ரே எடுக்க விடமாட்டேன். இதோட அஞ்சு ஆயிடுச்சு."

டியூட்டி டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. கையிலிருந்த போனை நீட்டினாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தி அனுப்பியிருந்த ஒரு செய்தி. 'குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கிறீர்களா? பெற்றோரை அதிர வைக்கும் ஆபத்து!'

கண்ணாடி வழியாகவே அந்தத் தலைப்பை என்னால் படிக்க முடிந்தது. படிக்கவே தேவையில்லை. அதை எழுதியது நான்தான்.

ஒண்ணேகால் கிலோ

எங்கள் ஊர் சீயமங்கலம். செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் கொஞ்சம் பேர் எங்கள் ஊர் தூணாண்டார் கோயிலையும் பார்த்துவிட்டுப் போவார்கள். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். மற்றபடி மல்லாட்டை, நெல், பாறை. பெரிய வைத்தியம் என்றால் செஞ்சி, திண்டிவனம் தாண்டித்தான் போக வேண்டும்.

அக்காவுக்கு ஏழாம் மாதம் முடிகிற நேரத்தில் பிரஷர் எகிறிவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றி, புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் இங்கே வேண்டாம். பெண் குழந்தை. எடை 1,250 கிராம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, அணில் குஞ்சு மாதிரி கீது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இவ்வளவு சின்னக் குழந்தைக்கு உடனே பால் கொடுக்க முடியாது. குடல் பழகும் வரை சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் ரத்தம் வழியாகத்தான் கொடுப்பார்கள். கையில் போடும் சாதாரண ஊசிக்கு அது சரிப்படாது. அடர்த்தியான திரவம் சின்ன ரத்தக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதனால் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாயில் நிற்கும்படி வைப்பார்கள். அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் திரவம் உடனே கலந்துவிடும்.

முதல் சில நாள்களுக்குத் தொப்புள்கொடியே வழி. அதிலிருக்கும் ரத்தக்குழாய் பிறந்த பிறகும் கொஞ்ச நாள் திறந்திருக்கும். அதன்பின் கை அல்லது கால் வழியாக 'லாங் லைன்' போடுவார்கள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். எங்கள் பாப்பாவுக்குக் கையில் போட்டார்கள்.

போட்டால் போதாது, நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்ரே. நுனி ஆழமாகப் போய் இதயத்துக்குள் நின்றால் ஆபத்து. அபூர்வமாக இதயச் சுவரைத் துளைத்து, இதயத்தைச் சுற்றித் திரவம் தேங்கிவிடும். அப்படி ஆனால் உயிருக்கே உலை. மேலேயே நின்றாலும் சிக்கல்தான். திரவம் வெளியே கசியலாம், ரத்தம் கட்டலாம். ஒரு சென்டிமீட்டர் என்பது பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒண்ணேகால் கிலோ குழந்தைக்கு அது பெரிய தூரம்.

தொப்புள் லைனுக்கு இரண்டு எக்ஸ்ரே. லாங் லைன் போட்டதும் ஒன்று. ஆழமாக இருக்கிறது என்று ஒரு சென்டிமீட்டர் இழுத்துவிட்டு இன்னொன்று. மூச்சு வாங்குகிறது என்று நுரையீரலுக்கு ஒன்று. அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் ராத்திரி குழந்தை கையை உதைத்து முறுக்கியதில் லைன் நகர்ந்திருக்குமோ என்று சந்தேகம். ஆறாவதற்கு மெஷின் வந்தது. அப்போதுதான் அக்கா குறுக்கே நின்றாள்.

அந்த நாலு மணி நேரம்

அம்மா வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த முடியாது. மாமா பணம் புரட்ட ஊருக்குப் போயிருந்தார். நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்த லைனில் ஊட்டத் திரவத்தை ஓட்ட முடியாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். சர்க்கரை இறங்கிவிடக் கூடாதே என்று கையில் ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்ற முயன்றார்கள். ரத்தக்குழாய் கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினார்கள். நாலாவதாகக் காலில் கிடைத்தது.

அந்த வயதுக் குழந்தை கத்தி அழாது. முகம் மட்டும் சுருங்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன்.

அந்தச் செய்தியை எழுதியது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து, வேறோர் இணையதளத்தின் டிஜிட்டல் டெஸ்கில் சேர்ந்த புதிது. ஒரு நாளைக்கு எட்டுச் செய்தி போட வேண்டும். கதிர்வீச்சு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. அதில் சிடி ஸ்கேன் பற்றிச் சொல்லியிருந்ததையும் எக்ஸ்ரே பற்றிச் சொல்லியிருந்ததையும் ஒன்றாகக் கலந்து, நாற்பது நிமிடத்தில் முடித்தேன். பொய் எழுதவில்லை. ஆனால் அளவு எழுதவில்லை. எவ்வளவு கதிர்வீச்சு, எதோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. தலைப்பில் 'அதிர வைக்கும்' என்று போட்டது நான்தான். அன்றைக்கு அதிகம் பேர் படித்தது அதுதான் என்று எடிட்டர் முதுகில் தட்டினார்.

எழுதியவர் பெயர் அதில் கிடையாது. அதனால் அக்காவுக்குத் தெரியாது. அந்த நாலு மணி நேரமும் நான் சொல்லவுமில்லை. தைரியம் இல்லை.

பாறையிலும் இருக்கிறது

விடியற்காலையில் சீனியர் டாக்டர் மேடம் வந்தார். அக்காவைத் திட்டவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டது நல்ல கேள்விம்மா. நாங்க ஏன் தள்ளி நிக்கிறோம்னா, உங்க பாப்பாவுக்கு எப்பவாவது ஒரு எக்ஸ்ரே. எங்க நர்ஸுக்கு தினமும் பத்துக் குழந்தை, வருஷம் முழுக்க. நாலடி தள்ளி நின்னாலே பெரும்பகுதி குறைஞ்சிடும். அதான்."

அப்புறம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "செஞ்சி மலையெல்லாம் கருங்கல்லுதானே? அதுலயும் கொஞ்சம் யுரேனியம், தோரியம் இருக்கு. அதுவும் கதிர்வீச்சுதான். நம்ம எல்லாரும் அதுலதான் வாழுறோம்."

அவர் சொன்னதைப் பிறகு நானே தேடிப் படித்தேன். பாறை, மண், காற்று, வானம், சாப்பாடு என்று எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதர் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் இயற்கைக் கதிர்வீச்சு பெறுகிறார். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது, சில நாள்களில் இயற்கையாகக் கிடைப்பதற்குச் சமம். சிடி ஸ்கேனில் அதைப் போல் பல மடங்கு. நான் என் செய்தியில் கலந்துவிட்டது இந்த இரண்டையும்தான்.

அதற்காக எக்ஸ்ரேயை அள்ளி வீசலாம் என்று அர்த்தமில்லை. குழந்தையின் செல்கள் வேகமாகப் பெருகுபவை, பாதிப்பு அதிகம். வாழப்போகும் வருடங்களும் அதிகம். 1958-ல் இங்கிலாந்தின் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் மருத்துவர், கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகமாக வருவதை விரிவாக எழுதினார். பலர் நம்பவில்லை. மெல்ல மெல்லத்தான் உலகம் ஒப்புக்கொண்டது. அதே 1958-ல்தான் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட், ஒலி அலையால் வயிற்றுக்குள் பார்க்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார். இன்று நாம் 'ஸ்கேன்' என்கிற அல்ட்ராசவுண்ட் அங்கிருந்து வளர்ந்தது. குழந்தைகளுக்குத் தேவையான அளவு மட்டும், முடிந்தவரை குறைவாக என்பதுதான் இன்றைய விதி. 2008-ல் அமெரிக்காவில் 'இமேஜ் ஜென்ட்லி' என்று இதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கினார்கள்.

ஆக, அக்காவின் பயம் முழுக்கத் தப்பில்லை. அளவுதான் தப்பு. அந்த அளவைச் சொல்லாதவன் நான்.

ஐந்து நிமிடம்

டாக்டர் மேடம் எழுந்துபோய் இன்னொரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். லேப்டாப் மாதிரி திரை, விரல் நீளத்துக்கு ஒரு புரோப். ஜெல்லை முதலிலேயே வெதுவெதுப்பாக்கி வைத்திருந்தார். குளிர்ந்த ஜெல் பட்டால் இந்தக் குழந்தைகளுக்கு உடம்புச் சூடு இறங்கிவிடுமாம். இன்குபேட்டரின் வட்டக் கதவு வழியாகவே கையை விட்டு, நெஞ்சில் மெல்ல வைத்தார். குழந்தையைத் தூக்கவில்லை, அடியில் பலகை செருகவில்லை. யாரும் தள்ளிப் போகவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

எங்கள் ஊர்க் கோயிலின் இருட்டில் வௌவால் பறக்கும். ஒன்றுகூடத் தூணில் மோதாது. சத்தம் எழுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்து வழி கண்டுபிடிக்கும். இந்த மெஷினும் அதேதான். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. கதிர்வீச்சு கிடையாது.

திரையில் குட்டி இதயம் துடித்தது. "இதோ பாருங்க, ரெண்டு மெல்லிசு வெள்ளைக் கோடு. அதுதான் லைன்." லைனில் சொட்டு உப்புநீரைச் செலுத்தச் சொன்னார். கோட்டின் நுனியில் பளிச்சென்று வெள்ளைப் புகை மாதிரி ஒன்று பரவியது. நுனி இதயத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே அரை சென்டிமீட்டர் இழுத்தார். மறுபடி உப்புநீர். சரியான இடம். குழந்தையின் கையை மடக்கி, நீட்டிப் பார்த்தார். கை அசைந்தால் நுனியும் நகரும், அந்த நகர்வு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க. எல்லாம் ஐந்து நிமிடம்.

எக்ஸ்ரே ஒரு நொடியின் நிழல். முதுகெலும்பின் எந்த எலும்புக்கு நேராக நுனி இருக்கிறது என்று பார்த்து, இதயம் இங்கே தொடங்கும் என்று கணக்குப் போடுவார்கள். அல்ட்ராசவுண்டில் இதயம், ரத்தக்குழாய், நுனி மூன்றும் ஒரே திரையில் அசைந்துகொண்டே தெரியும். 2013-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அனூப் கதேரியா குழுவினர், பச்சிளம் குழந்தைகளுக்கு லைன் போடுவதை இரண்டு முறையிலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டவர்களுக்கு நேரமும் குறைந்தது, எக்ஸ்ரேக்களும் குறைந்தன.

வேடிக்கை என்னவென்றால், லைனும் எக்ஸ்ரேயும் பிறவித் தோழர்கள். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன் கை ரத்தக்குழாய் வழியாகத் தானே குழாயைச் செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், நுனி இதயத்துக்குள் இருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டினார். அன்றைக்குத் திட்டு வாங்கினார். 1956-ல் நோபல் பரிசு வாங்கினார். அன்று பார்க்க வேறு வழி இல்லை. இன்று இருக்கிறது.

மெஷின் மேல் ஒரு போர்டு

"அப்போ நேத்து ராத்திரியே இதுல பார்த்திருக்கலாமே மேடம்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் மழுப்பவில்லை. ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டருக்கு இதில் இன்னும் பயிற்சி இல்லை. இந்த மெஷினில் எதைப் பார்க்கிறோம் என்பது பார்க்கிறவர் கையைப் பொறுத்தது. தெரியாதவர் பார்த்து 'சரி' என்று சொன்னால் எக்ஸ்ரேயைவிட அது ஆபத்து. பூட்டிய அறையில் இருக்கும் மெஷினின் சாவியும் அவரிடம் இல்லை.

"ஏன் பூட்டணும்?"

மெஷின் வைத்திருந்த அறையின் சுவரைக் காட்டினார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, அது தண்டனைக்குரிய குற்றம் என்ற போர்டு. எல்லா ஸ்கேன் சென்டரிலும் பார்த்திருப்பீர்கள்.

பெண் சிசுவைக் கருவிலேயே அழிப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம் அது. தமிழ்நாட்டுக்கு அந்த வலி நன்றாகத் தெரியும். சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தை திட்டம் வந்ததே அதனால்தான். அந்தச் சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் மெஷின் இருக்கும் இடம், மெஷின், அதை இயக்கும் டாக்டர் எல்லாமே பதிவில் இருக்க வேண்டும். சின்ன போர்ட்டபிள் மெஷினுக்கு இன்னும் கட்டுப்பாடு உண்டு. நினைத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. குழந்தைகள் வார்டில் மட்டும் பயன்படுத்தினாலும், கர்ப்பிணியின் வயிற்றில் வைக்க முடியும் என்பதால் விதி விதிதான். பல மருத்துவமனைகளில் இந்தப் பயத்திலேயே மெஷினைப் பூட்டி வைக்கிறார்கள்.

எனக்கு அந்தச் சட்டத்தின் மீது கோபம் வரவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை பெண் குழந்தைகள் பிறந்தே இருக்க மாட்டார்களோ. ஆனால் அந்தப் போர்டுக்குக் கீழே, பிறந்து எட்டே நாளான ஒரு பெண் குழந்தைக்காக அந்த மெஷின் தேவைப்பட்டது. சட்டத்தை மீறாமலே வழி இருக்கிறது. ஐசியுவையே பதிவில் சேர்த்து, மெஷினை அங்கேயே வைத்து, ராத்திரி டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தால் போதும். அந்த மேடம் அதற்குத்தான் மனு போட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை ஐசியுவில் இருக்கலாம். டாக்டர் மேடத்திடம் கேட்டு எழுதிக்கொண்டதைச் சொல்கிறேன்.

எக்ஸ்ரே வேண்டாம் என்று மறுக்காதீர்கள். எதற்காக என்று கேளுங்கள். நுரையீரலுக்கா, குடலுக்கா, மூச்சுக் குழாய்க்கா, லைனுக்கா? நுரையீரல், குடல் பிரச்னைகளில் எக்ஸ்ரே இன்றும் மிக முக்கியம். அதைத் தள்ளிப்போட்டால் குழந்தைக்குத்தான் நஷ்டம். லைன் நுனியைப் பார்ப்பதற்கு என்றால், அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியுமா, அது தெரிந்த டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கலாம். இல்லை என்றால் எக்ஸ்ரேதான் பாதுகாப்பு. நுரையீரலுக்கும் லைனுக்கும் ஒரே படத்தில் பார்த்துவிட முடியுமா என்றும் கேட்கலாம். தேவையான இடத்தில் மட்டும் கதிர் விழும்படி சுருக்கி எடுக்கச் சொல்லலாம். அல்ட்ராசவுண்டிலும் எல்லாம் தெரியாது. வயிற்றில் காற்று நிறைந்திருந்தால் மறைக்கும். அப்போது எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். கோபப்படாதீர்கள்.

பெயர் போட்டு எழுது

நாற்பத்து மூன்றாம் நாள் பாப்பா 1,800 கிராமில் வீட்டுக்கு வந்தாள். அந்த லைனுக்காக அதன்பிறகு எக்ஸ்ரே எடுக்கவில்லை.

பழைய இணையதளத்துக்கு எழுதி, தலைப்பை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள், அளவையும் சேர்த்தார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். போன மாதம்கூட யாரோ ஒரு குரூப்பில் அதே பழைய தலைப்போடு எனக்கே வந்தது.

அக்காவிடம் சொல்ல ஒன்றரை வருடம் ஆனது. பாப்பாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வார்டு மொத்தமும் கேட்கிற மாதிரி வீறிட்டாள். அன்று கத்தக்கூடத் தெம்பில்லாமல் முகம் மட்டும் சுருங்கிய குழந்தை. என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் திண்ணையில் வைத்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். அந்தச் செய்தி, அந்தத் தலைப்பு, அந்த நாலு ஊசி.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. மடியில் தூங்கும் பிள்ளையின் காதில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அதுல உம்பேரு இல்லியேடா" என்றாள் கடைசியில்.

"டெஸ்க்ல எழுதுறதுக்குப் பேர் போடமாட்டாங்கக்கா."

"இனிமே புள்ளைங்க வைத்தியத்தைப் பத்தி எழுதுனா, உம்பேரைப் போட்டு எழுது. பேரு போட்டா கொஞ்சம் பயந்து எழுதுவ."

போட்டிருக்கிறேன் அக்கா.